கையெழுத்து இல்லாத துணை

வெளிநாட்டுக்குப் போய் ஒரு குழந்தையைத் தத்தெடுத்து வந்தவர்களின் பயணக் கதைகளைக் கேட்டால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். கூடவே இன்னொருவர் போயிருப்பார். அக்கா, அம்மா, மாமியார், சில வீடுகளில் கல்லூரியில் படிக்கிற மூத்த மகள். கணவர் ஊரிலேயே இருந்திருப்பார். தத்தெடுப்பதே லட்சக்கணக்கில் செலவு வைக்கிற காரியம். அதற்கு மேல் இன்னொரு விமான டிக்கெட் எதற்கு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். டீ வரட்டும், ஆற அமரச் சொல்கிறேன். இரண்டு வரியில் அடங்குகிற பதில் இல்லை.

உதாரணத்துக்குச் சீனாவையே எடுத்துக்கொள்வோம். இந்த விஷயத்தில் அதைவிடப் பெரிய உதாரணம் கிடைக்காது. வெளிநாட்டவரும் தத்தெடுக்கலாம் என்கிற சட்டம் அங்கே 1992 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2024-இல் கதவு மூடப்படும் வரை 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடுகளுக்குப் போனார்கள். அதில் ஏறக்குறையப் பாதி, 82,000-க்கும் மேல், அமெரிக்காவுக்கு மட்டும். உச்சத்தில் இருந்த 2005-ஆம் ஆண்டில் அமெரிக்கா போனவர்களே 7,900 பேர்.

இத்தனை குழந்தைகள் எங்கிருந்து வந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு குழந்தைதான் பெறலாம் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. கிராமங்களில் பல மாகாணங்கள் கொஞ்சம் தளர்த்தி, முதல் குழந்தை பெண்ணாக இருந்தால் இன்னொன்றுக்கு அனுமதி கொடுத்தன. அந்த இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தால்? அபராதம் கட்ட வழியில்லாத வீட்டில், ஆண் வாரிசுக்கு ஏங்குகிற வீட்டில், விடியுமுன் அந்தச் சிசு சந்தை ஓரத்திலோ ஆஸ்பத்திரி வாசலிலோ போலீஸ் நிலையத்தின் முன்போ கிடக்கும். சில குழந்தைகளோடு பிறந்த தேதியும் நேரமும் எழுதிய ஒரு சிவப்புத் தாள் இருக்கும். பல குழந்தைகளோடு அதுவும் இருக்காது.

தொடக்க ஆண்டுகளில் வெளிநாடு போனவர்கள் பெரும்பாலும் நோய்நொடியில்லாத பெண் சிசுக்கள். போகப்போக நிலைமை மாறியது. உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, இதயக் கோளாறு என்று மருத்துவம் தேவைப்படும் குழந்தைகள்தான் பட்டியலில் அதிகம் வந்தார்கள். அவர்களில் ஆண்பிள்ளைகளும் இருந்தார்கள். தத்தெடுக்க வருகிறவர்களுக்கான விதிகளும் 2007-இல் இறுகின. மணமான தம்பதியாக இருக்க வேண்டும், 30 முதல் 50 வயதுக்குள் இருக்க வேண்டும், அளவுக்கு மீறிய உடல் பருமன் கூடாது, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருக்கக் கூடாது என்று நீண்ட பட்டியல் போட்டார்கள்.

அதன் பிறகு காகிதம். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, சம்பளச் சான்று, மருத்துவ அறிக்கை, போலீஸில் வழக்கு எதுவும் இல்லை என்கிற சான்று, வீட்டுக்கே வந்து பார்த்து சமூகப் பணியாளர் எழுதும் அறிக்கை. ஒவ்வொரு தாளிலும் நோட்டரி கையெழுத்து. அந்த நோட்டரி நிஜமானவர்தான் என்று மாநில அரசின் முத்திரை. அந்த முத்திரை நிஜமானதுதான் என்று சீனத் தூதரகத்தின் முத்திரை. இந்தக் கட்டு பெய்ஜிங் போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு குழந்தையோடு பெயர் பொருத்தப்பட்டு, ‘இந்தக் குழந்தையை ஏற்கச் சம்மதமா’ என்று கடிதம் வந்து, குழந்தைகளைக் கடத்தி விற்பதைத் தடுக்க 1993-இல் ஹேக் நகரில் எழுதிய உடன்படிக்கையின்படி இரு நாடுகளும் ஒப்புதல் கொடுத்து, கடைசியில் ‘புறப்பட்டு வரலாம்’ என்று அனுமதி வரும். ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அதன் பிறகு சில வாரங்கள்தான் அவகாசம்.

பயணம் கிட்டத்தட்ட இரண்டு வாரம். அங்கேதான் சிக்கல். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு அலுவலகத்தில் அத்தனை நாள் விடுப்பு கிடைக்காது. கிடைத்தாலும் குழந்தை வந்த பிறகுதான் அது உண்மையில் தேவைப்படும். சீன விதி இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. தம்பதியில் ஒருவர் வந்தால் போதும். வராதவர் பவர் பத்திரம் எழுதி, அதற்கும் அந்த மூன்றடுக்கு முத்திரை வாங்கிக் கொடுத்து அனுப்ப வேண்டும். அப்படிக் காலியாகும் இருக்கையில்தான் உறவுக்காரர் வந்து உட்காருகிறார்.

பேச வசதியாக ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இருக்கும் ஒரு பெண். கூட வருகிறவர் அவளுடைய அக்கா. வரப்போகும் குழந்தைக்கு அவர் பெரியம்மா, அப்படியே அழைப்போம். காலம் 2010 வாக்கில். போகிற இடம் ஹுனான் மாகாணத்தின் தலைநகர் சாங்ஷா. குழந்தைக்கு மூன்று வயது. உதட்டுப் பிளவைத் தைத்திருக்கிறார்கள், அண்ணத்தை இன்னும் தைக்கவில்லை.

பெரியம்மாவின் வேலை விமானம் ஏறும்போதே தொடங்கிவிடும். பணம் அவர் இடுப்பில் இருக்கும். குழந்தையை வளர்த்த காப்பகத்துக்கு நன்கொடை கொடுப்பது கட்டாயம். ஆரம்ப காலத்தில் அது 3,000 டாலர், பிறகு 35,000 யுவான். டாலர் நோட்டுகள் மடிப்போ கிறுக்கலோ இல்லாமல் மொடமொடவென்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள் என்று புறப்படுமுன்பே சொல்லி அனுப்புவார்கள். வங்கியில் நின்று புது நோட்டாகக் கேட்டு வாங்கி, இடுப்புப் பட்டையில் வைத்துக் கட்டிக்கொண்டு, பதினான்கு பதினைந்து மணி நேரம் அதன் மேலேயே உட்கார்ந்து போக வேண்டும். காகிதக் கட்டு தோள்பையில். பெட்டியில் சிரங்குக்குக் களிம்பு, காய்ச்சல் மருந்து, டயப்பர், இரண்டு மூன்று அளவில் குழந்தை உடைகள். குழந்தையின் சரியான அளவு யாருக்கும் தெரியாது. காப்பகம் அனுப்பிய எடையும் உயரமும் பல மாதங்களுக்கு முந்தியவை.

சந்திப்பு வழக்கமாக ஒரு திங்கட்கிழமை நடக்கும். மாகாணத்தின் குடிமக்கள் நலத்துறை அலுவலகத்தில் ஒரு கூடம். பல குடும்பங்கள் ஒரே நேரத்தில் வந்திருக்கும். காப்பகத்து வேனில் குழந்தைகள் பல மணி நேரம் பயணம் செய்து வந்து இறங்குவார்கள். பெயரைக் கூப்பிடுவார்கள். ஒரு ஊழியர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, ‘இதோ அம்மா, அம்மா என்று கூப்பிடு’ என்று சொல்லிக் கையில் கொடுப்பார். அவ்வளவுதான். ஒத்திகையோ பழகிப் பார்ப்பதற்கு ஒரு வாரமோ கிடையாது.

குழந்தைக்கு அந்த நிமிஷம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். தெரிந்த ஒரே முகம், தெரிந்த ஒரே வாசனை, தெரிந்த ஒரே மொழி எல்லாம் ஒரு வேனில் ஏறித் திரும்பிப் போகிறது. யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் தூக்கி வைத்துக்கொண்டு புரியாத சத்தத்தில் பேசுகிறாள். பல குழந்தைகள் தொண்டை கிழியக் கத்தும், கதவை நோக்கி ஓடும். இன்னும் சில குழந்தைகள் சத்தமே போடாது. கொடுத்த கையில் அப்படியே இருக்கும், முகத்தில் ஒரு உணர்ச்சியும் தெரியாது, கண் எங்கேயோ நிலைகுத்தி நிற்கும். ‘எவ்வளவு சமர்த்து!’ என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். சமர்த்தெல்லாம் இல்லை. தாங்க முடியாததைச் சந்திக்கிற உடம்பு தன்னை மூடிக்கொள்கிறது. கத்துகிற குழந்தையை நினைத்துக் கவலைப்படுவதைவிட இந்தக் குழந்தையை நினைத்துத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும் என்பார்கள் விவரம் தெரிந்த மருத்துவர்கள்.

இந்தக் கூச்சலுக்கு நடுவே, காப்பகத்து ஊழியரிடம் பேசக் கிடைப்பது சில நிமிஷங்கள்தான். குழந்தை எத்தனை மணிக்குத் தூங்கும்? எதைச் சாப்பிடும்? அழுதால் எப்படிச் சமாதானம் செய்வீர்கள்? காப்பகத்தில் எந்தச் செல்லப் பெயரில் கூப்பிட்டார்கள்? இரவில் யார் பக்கத்தில் படுத்திருந்தார்கள்? வயிற்றோடு அணைத்து ஒரு குழந்தையின் அலறலை அடக்க முயன்றுகொண்டிருக்கும் தாய்க்கு இதையெல்லாம் கேட்கவும் முடியாது, பதில் காதில் விழவும் விழாது. பெரியம்மா மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தி, நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வார். பால் மாவில் அரிசி மாவு கலந்து கெட்டியாக, நம்மால் தொட முடியாத சூட்டில் கொடுத்துப் பழக்கியிருப்பார்கள். அது தெரியாமல் வெதுவெதுப்பாகக் கரைத்துக் கொடுத்தால் குழந்தை தள்ளிவிடும். பசியிலும் அழும், பயத்திலும் அழும், எது எதற்கென்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆகிவிடும். நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தால் அந்த இரண்டு நாள் மிச்சம்.

அடுத்த நாள் பதிவு. முதல் நாள் குழந்தையைத் தருவது தற்காலிகப் பொறுப்பில்தான். ஒரு நாள் கூட வைத்திருந்து பார்த்துவிட்டு, சம்மதம்தான் என்று சொன்ன பிறகே சட்டப்படி தத்து முடியும். அதிகாரி கேட்பார்: ஏன் தத்தெடுக்கிறீர்கள்? இந்தக் குழந்தையை என்றும் கைவிட மாட்டீர்கள், கொடுமைப்படுத்த மாட்டீர்கள் என்று உறுதி சொல்கிறீர்களா? தாய் சொல்ல வேண்டும். சிவப்பு மையில் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும். குழந்தையின் பிஞ்சுப் பாதத்திலோ கையிலோ அதே மையைத் தடவித் தாளில் ஒற்றி எடுப்பார்கள். தத்துச் சான்றிதழில் ஒட்ட ஒரு படம் எடுப்பார்கள். அதில் தாயும் குழந்தையும். புகைப்படக்காரர் கையைக் காட்டி, ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்’ என்று பெரியம்மாவை ஓரம் கட்டுவார்.

அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, அது சட்டத்தின் வழி. ஆனால் இந்தப் பயணத்தின் இயல்பே அந்த ஒரு சைகையில் இருக்கிறது. தாய்க்குக் காகிதம் உண்டு, குழந்தைக்குக் காகிதம் உண்டு, வராத கணவருக்குக்கூடப் பவர் பத்திரம் உண்டு. பெரியம்மாவுக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை, எங்கும் அவர் கையெழுத்து இல்லை. நம் கல்யாண வீடுகளில் மணமேடையில் உட்காராத சித்தி ஒருத்தி இருப்பாளே, அவள் இடுப்பில்தான் எல்லாச் சாவியும் தொங்கும். அந்த மாதிரி ஒரு பதவி.

இதைவிடக் கஷ்டமான பாடம் ஹோட்டல் அறையில் காத்திருக்கிறது. நம் வீடுகளில் குழந்தை பிறந்தால் பெரியம்மா செய்யும் முதல் வேலை தூக்கி மடியில் போட்டுக்கொள்வது. இங்கே அதுதான் கூடாது. காப்பகத்தில் வளர்ந்த குழந்தை முறை மாறி முறை மாறிப் பல கைகளில் சோறு உண்டது. ‘இந்த ஒருத்திதான் எனக்கு’ என்கிற பிடிமானம் அதற்குப் பழக்கமில்லை. அது உருவாக வேண்டுமானால் தொடக்கத்தில் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாமே தாயின் கையால் நடக்க வேண்டும் என்று தத்தெடுப்பு அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பும். மற்றவர்கள் சிரிக்கலாம், பேசலாம், விளையாட்டுக் காட்டலாம். பசிக்கும் பயத்துக்கும் பதில் சொல்வது தாயாக மட்டுமே இருக்க வேண்டும்.

குழந்தை இந்த விதியைப் படித்திருக்காது. அடிக்கடி நடப்பது இதுதான்: தன்னைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனவள் என்று தாயின் மேல் கோபம். தூரத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல், ஒரு பிளாஸ்டிக் கோப்பையை உருட்டி விளையாடும் பெரியம்மாவின் மேல் பிரியம். இரண்டாம் நாளே பெரியம்மாவின் காலைக் கட்டிக்கொள்ளும். தாய் பக்கத்தில் வந்தால் வீறிடும். கடல் கடந்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வந்தவளுக்கு அதைப் பார்க்க எப்படி இருக்கும்? பெரியம்மாவுக்கோ காலைக் கட்டிய குழந்தையை விலக்க மனசு வருமா? விலக்கவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். குழந்தை பிஸ்கட்டுக்குக் கை நீட்டினால் அதை எடுத்துத் தங்கை கையில் கொடுக்க வேண்டும்; தங்கை குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். கோப்பையைத் தங்கை பக்கம் உருட்ட வேண்டும். அவள் குழந்தை பக்கம் உருட்டட்டும். தூங்கும் நேரம் பெரியம்மா அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். இப்படிச் செய்யச் செய்ய, நல்லது எல்லாமே அந்த ஒருத்தி கை வழியாகத்தான் வருகிறது என்று குழந்தைக்குப் புரியத் தொடங்கும். பெரியம்மாவின் அன்புக்கு இந்த இரண்டு வாரத்தில் ஒரே வடிவம்தான்: தங்கைக்கு வழிவிடுவது.

பதிவு முடிந்தாலும் கிளம்ப முடியாது. குழந்தைக்குச் சீனக் கடவுச்சீட்டு தயாராக வாரக் கடைசி ஆகிவிடும். அந்த இடைவெளியில்தான் வாழ்க்கை நடக்கும். தெருவில் இறங்கினால் அந்த ஊர்ப் பாட்டிகள் வழிமறிப்பார்கள். கால்சட்டை ஏறிக் குழந்தையின் கணுக்கால் இரண்டு விரற்கடை தெரிந்தால் போதும், ‘குளிர் படுகிறதே, இப்படியா கொண்டு வருவது’ என்று கையை ஆட்டித் திட்டுவார்கள், தாங்களே இழுத்தும் விடுவார்கள். மே மாதத்திலும் இரண்டு சட்டை போட்டு வளர்க்கிற ஊர் அது. பெரியம்மா கும்பிடு போட்டு அவர்களைச் சமாளிப்பார். காலையில் ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் அரிசிக் கஞ்சி இருக்கிறதா என்று முதலில் போய்ப் பார்ப்பவரும் அவரே. அண்ணம் பிளந்த குழந்தைக்குப் பால் மூக்கு வழியாக ஏறும்; கஞ்சி பதமாக இருந்தால் இறங்கிவிடும்.

இந்த நாட்களில் செய்ய வேண்டிய இன்னொரு காரியம் உண்டு. அன்றைக்கு அவசரமாகத் தோன்றாது. இருபது வருஷம் கழித்துத்தான் அதன் அருமை தெரியும். குழந்தை எங்கே கண்டெடுக்கப்பட்டது என்று காப்பகத்துக் காகிதத்தில் ஒரு வரி இருக்கும். கண்டெடுத்த குழந்தையின் படத்தை மாகாணச் செய்தித்தாளில் சின்னதாகப் போட்டு, 60 நாள் வரை யாரும் உரிமை கோரி வரவில்லை என்றால்தான் தத்துக்குக் கொடுக்கலாம் என்பது விதி. அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்று கேட்டு வாங்கலாம். அனுமதித்தால் காப்பகத்துக்கும், கண்டெடுத்த இடத்துக்கும் போய்ப் படம் எடுக்கலாம். கட்டில் எந்த வரிசையில் இருந்தது, வாசலில் என்ன மரம், எதிரே என்ன கடை, எந்த ஊழியர் குழந்தையைப் பார்த்ததும் ஓடி வந்தார் என்று எழுதி வைக்கலாம். குழந்தை போட்டிருந்த உடையைத் துவைக்காமல் ஒரு பையில் கட்டி வைக்கலாம். குழந்தையோடு தாய் அறையில் இருக்க, பெரியம்மா கேமராவோடு ஒரு நாள் காரில் போய் வந்துவிடலாம். அந்த வேலையைத் தாயால் செய்ய முடியாது.

அடுத்த கட்டம் குவாங்ஜோ. எந்த மாகாணத்தில் தத்தெடுத்தாலும் அமெரிக்க விசாவுக்கு அந்த ஊர்த் துணைத் தூதரகத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது. முத்து நதிக் கரையில் ஷாமியான் என்று ஒரு சின்னத் தீவு. ஒரு காலத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் குத்தகைக்கு எடுத்து வைத்திருந்த இடம். ஆலமரங்களும் பழைய ஐரோப்பியக் கட்டடங்களுமாக இருக்கும். அங்கே 1983-இல் திறந்த வெள்ளை அன்னம் என்கிற ஹோட்டலும், அதை ஒட்டித் துணைத் தூதரகமும். பல ஆண்டுகள் தத்தெடுக்க வந்த அமெரிக்கக் குடும்பங்களின் தாவளம் அந்தத் தீவுதான்; 2013-இல் தூதரகம் நகரின் புதுப் பகுதிக்கு மாறியது. ஹோட்டலுக்குள்ளேயே ஒரு அருவி. தங்க வரும் தத்துக் குடும்பங்களுக்கு, சீனக் குழந்தையைக் கையில் ஏந்திய பார்பி பொம்மை ஒன்று பரிசாகக் கிடைக்கும். பொம்மைக் கம்பெனி மேட்டல் அதற்கென்றே தனியாகச் செய்து கொடுத்தது. ஒரே சமயத்தில் வந்த குழந்தைகளுக்கெல்லாம் பட்டு உடுத்தி, சிவப்பு சோபாவில் வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுப்பது ஒரு சடங்காகவே ஆகிப்போனது. பாதிக் குழந்தைகள் அழுகிற படம்தான் எல்லார் வீட்டிலும் இருக்கும்.

குவாங்ஜோவில் மருத்துவப் பரிசோதனை. 2 வயதைத் தாண்டிய குழந்தைக்குக் காசநோய்ச் சோதனையும் உண்டு. கையில் ஊசி போட்டுவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வந்து காட்டச் சொல்வார்கள். அப்புறம் தூதரகத்தில் உறுதிமொழி: வலது கையைத் தூக்கி, கொடுத்த தகவல் எல்லாம் உண்மை என்று தாய் சொல்ல வேண்டும். விசாவோடு ஒட்டி மூடிய ஒரு பெரிய உறையைக் கொடுப்பார்கள். அதைப் பிரிக்கவே கூடாது. அமெரிக்காவில் இறங்கியதும் குடியேற்ற அதிகாரியிடம் அப்படியே கொடுக்க வேண்டும். 2001 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, வெளிநாட்டிலேயே தத்து முடிந்து வருகிற குழந்தை அந்த மண்ணில் முறைப்படி நுழைந்ததுமே அமெரிக்கப் பிரஜையாகிவிடும். பதினைந்து மணி நேரம் அழுது களைத்து, தாயின் தோளில் தூங்கிக்கொண்டே ஒரு குழந்தை குடியுரிமை மாறும். அந்த உறையை வழியெல்லாம் மடங்காமல் கசங்காமல் காத்துக்கொண்டு வந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தோடு முடித்தால் இனிப்பாக இருக்கும். ஆனால் பாதியைச் சொல்லாமல் விட்டதாகிவிடும்.

நாம் சாங்ஷா வரை போனோமே, அதே ஹுனான் மாகாணத்தில் 2005-இல் ஒரு வழக்கு வெடித்தது. ஹெங்யாங் பகுதியில் சில காப்பகங்கள் ஆள்கடத்தல்காரர்களிடம் காசு கொடுத்துக் குழந்தைகளை வாங்கி, ‘கண்டெடுத்தோம்’ என்று எழுதித் தத்துக்கு அனுப்பியது தெரிய வந்தது. அடுத்த ஆண்டு பலர் சிறைக்குப் போனார்கள். 2011-இல் சைஷின் பத்திரிகை அதைவிட மோசமான ஒன்றை வெளியிட்டது. அதே மாகாணத்தின் லோங்ஹுய் வட்டாரத்தில், அபராதம் கட்டாத பெற்றோரிடமிருந்து குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகளே குழந்தைகளைப் பிடுங்கிக் காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். அவற்றில் சில வெளிநாட்டுக்குப் போய்விட்டன. சீனக் குழந்தையைத் தத்தெடுத்த தாயும் ஆராய்ச்சியாளருமான கே ஆன் ஜான்சன் 2016-இல் வெளியிட்ட நூல் இன்னொரு பொய்யையும் உடைத்தது. சீனக் கிராமத்தார் பெண் குழந்தையை வேண்டாம் என்றார்கள் என்பதே முழு உண்மை இல்லை. ஒளித்து வளர்த்தவர்களும், பிறர் பெண் குழந்தையைத் தத்தெடுக்க ஆசைப்பட்டவர்களும் ஏராளம், அவர்களை வளர்க்க விடாமல் அடித்தது அரசின் சட்டம்தான் என்று அவர் காட்டினார்.

எல்லாக் குழந்தையின் காகிதமும் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. எந்தக் காகிதம் மெய், எந்தக் காகிதம் பொய் என்று காகிதத்தைப் பார்த்தே சொல்ல முடியாது என்றுதான் அர்த்தம். பிறந்த தேதி உத்தேசம், பெயர் காப்பகம் வைத்தது, கண்டெடுத்த இடமும் சந்தேகம். நோட்டரியும் மாநிலமும் தூதரகமும் முத்திரை மேல் முத்திரை குத்தியது பெற்றோர் கட்டின் மேல்தான். தத்தெடுக்கிறவர்களின் ஒவ்வொரு தாளையும் மூன்று பேர் சரிபார்த்தார்கள். குழந்தையின் கதையைச் சரிபார்க்க ஒரு ஆள் இல்லை.

இங்கேதான் அந்த இன்னொரு டிக்கெட்டின் மதிப்பு ஏறுகிறது. முத்திரை எதுவும் இல்லாத, யாரும் கேட்டு எழுதாத ஒரே ஆவணம் பெரியம்மாவின் நோட்டுப் புத்தகம். அவர் தன் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். ஊழியர் சொன்ன செல்லப் பெயர், காப்பகத்துக் கட்டில், எதிர்க் கடை, குழந்தையைப் பிரியும்போது அந்த ஊழியர் அழுதாரா இல்லையா என்பது. இன்றைக்கு டி.என்.ஏ. சோதனை செய்து பெற்றவர்களைத் தேடும் சீனத் தத்துப் பிள்ளைகள் பலர். எங்கே தொடங்குவது என்று அவர்கள் தவிக்கும்போது அப்படி ஒரு பக்கம் கையில் இருந்தால் அது பெரிய விஷயம்.

2020-இல் கொரோனா வந்ததும் பயணங்கள் நின்றன. குழந்தையின் படம் வந்து, பெயர் பொருத்தம் முடிந்து, பெட்டி கட்டக் காத்திருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அப்படியே நின்றுபோயின. 2024 செப்டம்பரில் சீன வெளியுறவு அமைச்சகம் ஒரே அறிவிப்பில் கதையை முடித்தது: இனி வெளிநாட்டவருக்குத் தத்து இல்லை, மூன்று தலைமுறைக்குள் ரத்த உறவாக இருந்தாலோ, மணந்தவரின் பிள்ளையாக இருந்தாலோ மட்டும் விலக்கு. உலகமே அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. 2004-இல் ஏறக்குறைய 23,000 வெளிநாட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்த அமெரிக்காவில் 2023-இல் அந்த எண்ணிக்கை 1,300-ஐத் தொடவில்லை. நெதர்லாந்து படிப்படியாக நிறுத்த முடிவெடுத்துவிட்டது. பல ஆண்டுகள் குழந்தைகளை அனுப்பிய தென்கொரியாவில், போலிக் காகிதங்களால் பிள்ளைகளின் உரிமை மீறப்பட்டது என்று அரசின் உண்மை ஆணையமே 2025-இல் சொன்னது.

ஆனாலும் சில நாடுகளில், சில குழந்தைகளுக்கு, இந்தப் பயணம் இன்னும் நடக்கிறது. யாராவது உங்களை ‘கூட வருகிறீர்களா’ என்று கூப்பிட்டால் யோசிக்காமல் போய் வாருங்கள். மூன்று விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள். பணம், காகிதம், கஞ்சி, துணி துவைப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. குழந்தை உங்கள் பொறுப்பு இல்லை. கேமராவைவிட நோட்டுப் புத்தகத்தை அதிகம் எடுங்கள். கேட்டதைக் கேட்டபடி, தேதியும் இடமும் போட்டு எழுதுங்கள். எழுதியதை ஊருக்குப் பரப்பாதீர்கள்; அது அந்தக் குழந்தையின் சொத்து, நீங்கள் அதற்குக் காவல் மட்டும்தான்.

பதினைந்து வயதில் அந்தக் குழந்தை கேட்கும், ‘முதல் நாள் நான் எப்படி இருந்தேன்?’ தாய் சொல்கிற பதிலில் அவளுடைய ஆண்டுக்கணக்கான ஏக்கமும் சந்தோஷமும் கலந்திருக்கும். அவளுக்கு அது வாழ்க்கையின் பெருநாள், வேறு எப்படிச் சொல்வாள்? பிள்ளைக்கு அந்தப் பதிலும் வேண்டும், இன்னொரு பதிலும் வேண்டும். ‘கதவைப் பார்த்துக் கத்தினாய். உன்னை வளர்த்த ஊழியரின் பெயரைச் சொல்லித்தான் இரவு முழுக்க அழுதாய். அவர் பெயர் இது. இதோ, அன்றைக்கே எழுதி வைத்தேன்’ என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதைச் சொல்லத்தான் அந்த இன்னொரு டிக்கெட்.